ஐயாவுக்கு வந்த விக்கல்

போன மாதம் மில்லர்புரத்தில் நம் பெரியவர்கள் கூட்டம் நடந்தபோது, வடை பாதி தொண்டையில் இருக்கையிலேயே நம்மில் ஒருவருக்கு விக்கல் எடுத்தது. உடனே எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டீர்கள். ஒருத்தி ஏழு மடக்குத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிக்கச் சொன்னாள். ரிட்டயர்டு தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டு குனியச் சொன்னார். இன்னொருத்தர், "பேரன் அமெரிக்காவுல தாத்தாவ நெனைக்கான் போல" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கிழவிக்குத் திமிர் என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. திமிர் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று எழுந்து போனதற்குக் காரணம் வேறு. வாயால் சொன்னால் நடுவில் யாராவது தன் வீட்டுக் கதையை ஆரம்பிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். பனங்காட்டை விட்டு வந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். கொழும்புக்குப் போகிற தோணிகளுக்கும், சங்கு குளிக்கப் போகிற வள்ளங்களுக்கும் எங்கள் கடைக் கயிறுதான் போகும். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நார் வாசனையும் தோணிக்குப் பூசுகிற கீல் வாசனையும் எங்கள் சோற்றிலும் தலையணையிலும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவளை நான் ஒரு தடவை நன்றாகக் கிள்ளியிருக்கிறேன்.

எனக்கு மூத்தவன் ஒரே அண்ணன். ஒன்பது வயது வித்தியாசம். பதினேழு வயதில் ரங்கூனுக்குப் போனான். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு அங்கே பலசரக்குக் கடை இருந்தது. மாசா மாசம் ஒரு கார்டு வரும். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நலம் விசாரித்து நாலு வரி, கடைசியில் எனக்கு என்று ஒரு வரி. "பாப்பா, இங்கே சொக்காய் போட்ட குரங்கு பார்த்தேன்" என்று ஒரு தடவை எழுதியிருந்தான். அந்தக் கார்டுகளை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். மார்கழியில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்குப் பிறகு கார்டு இல்லை.

அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊரெல்லாம் பேச்சு. விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்கள். தெருவில் பாதிப் பேர் வண்டி கட்டிக்கொண்டு நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் போய்விட்டார்கள். ஐயா நகரவில்லை. கடையில் கூடமாட இருந்த சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்ணுதானடே. வீட்டப் பூட்டிட்டுப் போனா கார்டு யார் கைக்கு வரும்" என்று ஐயா சொல்லிவிட்டார். அம்மா தினமும் மத்தியானம் தபாலாபீஸுக்கே நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவாள். தபால்காரர் வீட்டுக்கு வருகிறவரைக்கும் அவளுக்குப் பொறுக்காது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விக்கல் வந்தது. சாளைக் கருவாட்டுக் குழம்பு. காரம் ஜாஸ்தி என்றுதான் நினைத்தோம். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் அதை விளையாட்டாக விடமாட்டார்கள். ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும், எந்த ஆளைச் சொல்லும்போது விக்கல் நிற்கிறதோ அவர்தான் நினைக்கிறவர். அம்மா தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சாத்தான்குளத்துப் பெரியம்மையா?"

விக்கல்.

"நாசரேத்து வாத்தியாரா?"

விக்கல்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாக, "மூத்தவனா?" என்றாள்.

நின்றுவிட்டது. ஐயா கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா காத்திருந்தாள், நான் காத்திருந்தேன், வரவே இல்லை. அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இருக்கான். எம்புள்ள உசுரோட இருக்கான். ஐயாவ நெனைக்கான்" என்றாள். அன்று சாயங்காலம் கருப்பட்டி போட்டுப் பாயசம் வைத்தாள். அஞ்சு மாசத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் இனிப்பு.

இப்போது எனக்குப் புரிகிறது, அந்தப் பேச்சைக் கேட்டதும் ஐயா மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெற்றவனுக்கு மூச்சு நிற்காமல் இருக்குமா? மூச்சைப் பிடித்தால் விக்கல் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். வைகாசி பிறந்தபோது ஐயாவுக்கு விக்கல் நாள் முழுக்க இருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர் ஊருக்குள் வந்தார். முகமெல்லாம் எலும்பு, காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தார். எங்கள் கடைக்கு வந்து, கடை வாசலில் உட்கார்ந்து, ஒரு சோடா குடித்துவிட்டு, அண்ணனைப் பார்த்ததாகச் சொன்னார். "பொறப்படும்போது ஒரே கூட்டத்துலதான் இருந்தோம் அண்ணாச்சி. கால்ல புண்ணு. நீங்க முன்னால போங்க, நான் பைய வாரேன்னான்." அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அது போதும். பையன் நடந்து வருகிறான், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் ஐயாவை நினைக்கிறான், அடிக்கு ஒரு விக்கல். விக்கல் வேகமாக வந்தால், "வெரசா வாரான்" என்பாள். இடைவெளி விட்டால், "எங்கயோ மரத்தடியில உக்காந்திருக்கான்" என்பாள். ஐயா தூங்கும்போது அது நின்றால், அண்ணனும் தூங்குகிறான் என்று அர்த்தம். அடுப்படியில் வேலை செய்துகொண்டே காதை இந்தப் பக்கம்தான் வைத்திருப்பாள். ஐயாவும் அதை நம்பினார். விலா வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டே சிரிப்பார். "ஒம் மவன் ஓடுதாம் போலுக்கே" என்பார்.

யார் என்ன மருந்து கொண்டுவந்தாலும் அம்மா சேர்க்கவில்லை. மயிலிறகைச் சுட்டுத் தேனில் குழைத்துச் சித்தப்பா கொண்டுவந்தார். அம்மா அதைச் சாக்கடையில் கொட்டினாள். எங்கள் கடையில் கயிறு வாங்குகிற சங்கு குளிப்பவர் ஒருவர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். "மூச்சப் பிடிங்க அண்ணாச்சி. நாங்க அடியில போயி ரெண்டு சங்கு எடுக்குத நேரம் பிடிச்சா எந்த விக்கலும் நின்னுரும்" என்றார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "வேண்டாம் ராசா. நீ நல்லதுக்குத்தான் சொல்லுத. ஆனா நெனப்ப நடுவழியில அறுத்துப்பிட்டா புள்ள தெச தெரியாம நின்னுருவான்" என்றாள். அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவை முட்டாள் என்று நினைக்காதீர்கள். கயிற்றின் முறுக்கைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்கிறவள். ஆனால் அவள் கையில் வேறு எதுவும் இல்லை. கார்டு இல்லை, தந்தி இல்லை, சர்க்கார் பட்டியல் எதிலும் பேர் இல்லை. விக்கல் மட்டும்தான் இருந்தது.

ஐயாவுக்குக் கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் வைத்தால் விக்கலோடு வெளியே வந்துவிடும். சித்தப்பாதான் பயந்து, அம்மா தபாலாபீஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாசரேத்துப் பக்கத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பேசுவதெல்லாம் மெதுவாக இருக்கும். ஐயாவின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. ஒன்றுக்குப் போவதைப் பற்றி விசாரித்தார். பிறகு சித்தப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் துவைகல்லுக்குப் பின்னால் இருந்தேன்.

"விக்கல் நெனப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீர் பிரியாம கெட்டதெல்லாம் ரத்தத்துல ஏறுது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பிடியே விக்கிக்கிட்டே இருந்தா ஆளு ஒரு வாரம் தாங்காது" என்றார்.

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிணற்றடிக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே ஐயாவின் கட்டில். அவருக்குச் சத்தம் கேட்டிருக்காது, பார்த்திருப்பார். சித்தப்பா திரும்பும்போது என்னைக் கண்டார். கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய், அங்கே நின்று, "ஏளா, ஐயா காதுல இது விழப்பிடாது. மூச்சு விடாத, என்ன?" என்றார். கட்டிலிலிருந்து வாசல் பத்தடிதான், பேசினால் கேட்கும். சீக்காளியிடம் சீக்கைச் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். ஊரே அப்படித்தான் நடந்தது, எங்கள் வீடும் அப்படித்தான்.

பாளையங்கோட்டைக்குப் போகலாம் என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். "மவன் இன்னிக்கோ நாளைக்கோ வந்துருவான். வந்து பூட்டின வீட்டையா பாக்கணும்? அவனே ஐயாவக் கூட்டிட்டுப் போவான்" என்றாள் அம்மா.

ஒரு வாரம் தாங்காது என்பது மட்டும் என் மண்டைக்குள் நின்றுகொண்டது. விக்கல் நின்றால் ஐயா பிழைப்பார், நிற்காவிட்டால் செத்துப்போவார். எனக்குப் பத்து வயது, எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அண்ணன் திசை தெரியாமல் நின்றால் நிற்கட்டும், யாரையாவது கேட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். விக்கல் எடுக்கிறவரைத் திடுக்கிட வைத்தால் நின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். செய்யாத திருட்டைச் செய்ததாகச் சொல்வோம். விக்கல் எடுக்கிறவள் பதறி, "நான் எடுக்கல" என்பாள். விக்கல் போய்விடும். உடனே, "சும்மா சொன்னேன்" என்று சிரிக்க வேண்டும். அது முறை.

ஐயாவிடம் போய், "அடுத்த வீட்டுக் கோழியத் திருடினது நீங்கதானாமே" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார். "ஆமாளா" என்றார். ஒரு விக்கல். "கொழம்பு ருசியாத்தான் இருந்துச்சு." இன்னொரு விக்கல். என் தலையில் கை வைத்துச் சிரித்தார்.

கோழி போதாது என்று தெரிந்தது. மறுநாள் மத்தியானம் அம்மா தபாலாபீஸுக்குப் போனாள். சித்தப்பா கடையில். ஐயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், விக்கல் ஒவ்வொன்றுக்கும் தோள் ரெண்டும் தூக்கிப் போட்டது. நான் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கட்டில் முன்னால் நின்றேன்.

"ஐயா, தந்தி வந்திருக்காம். அண்ணன் செத்துப் போச்சாம்."

நின்றுவிட்டது.

நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. ஐம்பது வரைக்கும் வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கையைத் தட்டினேன். "நின்னுட்டு ஐயா. சும்மா சொன்னேன். விக்கல் நிக்கத்தான் சொன்னேன்" என்றேன்.

ஐயா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "சித்தப்பன் அழுதது இதுக்குத்தானா?" என்றார்.

"இல்லய்யா. தந்தியே வரல்ல. பொய்யி."

"சரி. சித்தப்பன் ஏசமாட்டான், நான் சொல்லிக்கிடுதேன். ஒங்க அம்மைக்குத் தெரியுமா?"

"ஐயா, சாமி சத்தியமா பொய்யி."

"தெரியும் மக்கா. அம்மைட்ட மட்டும் சொல்லிராத. அவ தாங்கமாட்டா." என் தலையைத் தடவினார். பொய் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது அந்தத் தடவலிலேயே தெரிந்தது.

அம்மா தெருவில் வருகிற சத்தம் கேட்டது. உள்ளே வரப் போனவள் நிலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. ஒரு மாசமாக இல்லாத அமைதி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கை நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

ஐயா அவளைப் பார்த்தார். அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு விக்கல் விட்டார். "செத்த நேரம் நின்னுச்சு. வந்துட்டுளா" என்றார். இன்னொரு விக்கல்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உசுரே போயிட்டு எனக்கு" என்றாள். பிறகு எழுந்து உலை வைக்கப் போனாள். அவள் போனதும் விக்கல் நின்றது.

நிஜ விக்கலுக்குத் தோள் குலுங்கும். இதற்குக் குலுங்கவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. எனக்கு அது தெரிந்தது. அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று நான் ரொம்ப வருஷம் யோசித்திருக்கிறேன். அவளுக்குச் சத்தம்தான் வேண்டியிருந்தது, ஆளை அவள் பார்க்கவில்லை. மூன்று நாள் ஐயா அப்படி விக்கினார். அம்மா அடுப்படியில் இருந்தால் அடுப்படி கேட்கும் அளவுக்கு, பக்கத்தில் வந்தால் மெதுவாக. தண்ணீர்கூட இறங்காத மனுஷனுக்கு ஒவ்வொரு தடவையும் வேர்த்துக் கொட்டியது. அம்மா தூங்கிவிட்டாளா என்று என்னிடம் சைகையில் கேட்பார். தூங்கிவிட்டாள் என்று நான் தலையாட்டினால் கண்ணை மூடுவார்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கிற அண்ணனைச் செத்தான் என்று சொன்ன வாய் இது. அடிக்குப் பயந்தேன், அடியைவிட அவள் முகத்துக்குப் பயந்தேன். சொல்லியிருந்தாலும் என்ன? அவள் ஐயாவிடம் போய், "தந்தியே வரல்லங்க" என்றிருப்பாள். இவளுக்கு இன்னும் தெரியாது, பாவம், என்றுதான் அவர் நினைத்திருப்பார். சித்தப்பாவும் உதவவில்லை. இரண்டாம் நாள் ஐயா அவரைக் கூப்பிட்டு, "எங்கிட்ட மறைக்காதடே. நெசந்தானா?" என்று கேட்டார். தன் சீக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சித்தப்பா காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஐயா தலையை ஆட்டினார். அதோடு முடிந்தது. நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மா முற்றம் தெளித்துக்கொண்டிருக்கும்போது ஐயா போனார். கடைசியாக ஒரு விக்கல், அது முற்றத்துக்குக் கேட்டிருக்கும்.

என் மகள் டாக்டருக்குப் படித்தாள். அவளிடம், யாரோ ஒருவருக்கு வந்தது மாதிரி கேட்டேன். சிறுநீரகம் கெட்டால் உப்பு ரத்தத்தில் ஏறும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையை அது உலுக்கும், அதுதான் விக்கல் என்றாள். முடிவு நெருங்கும்போது தானாகவே நிற்பதும் உண்டு என்றாள். ஆக, என் பேச்சால்தான் நின்றதா, தானாக நின்றதா என்பதுகூட எனக்குத் தெரியாது. "அந்தக் காலத்துல பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றாள். தாத்தாவைத்தான் கேட்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள் போல, ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ஐயாவைக் காப்பாற்றியிருக்க முடியாது, சரி. மகன் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு சாகவாவது விட்டிருக்கலாம். அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

அண்ணன் வரவில்லை. கார்டும் வரவில்லை, செத்தான் என்ற தகவலும் வரவில்லை. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, பர்மாவுக்குப் போனவர்களில் வருகிறவர்கள் வந்து முடித்தார்கள். கயிற்றுக்கடையைச் சித்தப்பா கொஞ்ச நாள் நடத்திப் பார்த்துவிட்டு மூடினார். அம்மா முப்பது வருஷம் இருந்தாள். அவளுக்கு எப்போதாவது விக்கல் வந்தால் ஒரே ஒரு ஆளைத்தான் சொல்வாள், நிற்காவிட்டால் இன்னும் சந்தோஷப்படுவாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று கையைத் தள்ளுவாள்.

கடைசி வாரம் என் வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவன் மொகத்தப் பாக்காமத்தான் போவப் போறேன். பரவால்ல. ஒங்க ஐயா குடுத்து வச்சவிய. மவன் உசுரோட வாராங்கிற தைரியத்துல கண்ண மூடினாவ. கடைசி மூச்சு வரைக்கும் அவன் நெனப்பு அவியளுக்கு வந்துகிட்டே இருந்துச்சு. அத நெனச்சுத்தான் நான் இத்தன வருசம் சோறு தின்னேன். நீ பக்கத்துலயே இருந்தியே, பாத்தேல்லா?"

"ஆமாம்மா, பாத்தேன்" என்றேன்.